இன்ஃபோசிஸ் பங்கில் 50, 200 நாள் சராசரிக் கோடுகள்: அட்டவணை போட்டுப் பார்த்த பதிவு

இன்ஃபோசிஸ் பங்கின் 200 நாள் சராசரிக் கோடு, அதாவது கடைசி 200 வர்த்தக நாள் விலைகளின் சராசரியை நாளுக்கு நாள் காட்டும் கோடு, ஒருவழியாக என் அட்டவணையில் சரியாக வந்துவிட்டது. சார்ட் தளங்கள் காட்டும் கோட்டோடு ஒப்பிட்டால் இப்போது பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே கணக்கு தடம் மாறியது, எந்த இடத்தில் கோடு உதவியது, எங்கே உதவவில்லை என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

சார்ட்டைத் திறந்து ஒரு பொத்தானைத் தொட்டால் இந்தக் கோடு வந்துவிடும், எதற்கு இத்தனை பாடு என்று கேட்கலாம். கோடு வரும். ஆனால் அது இன்று ஏன் ஏறியது, இன்றைய விலையால் ஏறியதா, பத்து மாதத்துக்கு முந்தைய ஒரு விலை கணக்கிலிருந்து கழன்றதால் ஏறியதா என்று சார்ட்டிடம் கேட்க முடியாது. வரி வரியாகக் கையால் போட்ட அட்டவணையில் அதைப் பார்க்கலாம். பணத்தை வைத்து முடிவெடுக்கப் போகிறவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்ஃபோசிஸை எடுத்துக்கொண்டதற்கு இரண்டு காரணம். வீட்டில் கொஞ்சம் அந்தப் பங்கு இருக்கிறது. இரண்டாவது, அதன் குணம். மாதக்கணக்கில் ஒரே திசையில் நிதானமாக நகரும். ரிசல்ட் (காலாண்டு நிதி முடிவு) வந்த மறுநாளோ, ஏதாவது செய்தி வெடித்த அன்றோ, ஒரே நாளில் எட்டு, பத்து, சில சமயம் அதற்கும் மேல் சதவீதம் ஆடிவிடும். சராசரிக் கோட்டுக்குப் பிடித்த நடை, பிடிக்காத நடை இரண்டும் ஒரே பங்கில் கிடைப்பது பரிசோதனைக்கு வசதி.

தரவு இறக்கியது

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பழைய லேப்டாப், ஒரு விரிதாள் மென்பொருள், தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய விலைகளின் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்புகள். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, நேரம்தான் போனது.

விலைகளை ஆண்டு ஆண்டாக இறக்கி ஒட்டினேன். 200 நாள் கோடு வேண்டுமென்றால் முதல் 199 வரிகளில் கோடு இருக்காது. என்எஸ்இயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 245 முதல் 250 வர்த்தக நாள். அதாவது கோடு தொடங்குவதற்கு முன்பே சுமார் பத்து மாதத் தரவு போய்விடும். 2017 ஜனவரியிலிருந்து கோடு பார்க்க வேண்டுமென்றால் 2016 ஜனவரியிலிருந்தாவது விலை வேண்டும்.

இறக்கிய கோப்பில் புதிய தேதி மேலேயும் பழைய தேதி கீழேயும் இருந்தது. இதைத் திருப்பி அடுக்காமல் ஃபார்முலா போட்டால் சராசரி எதிர்காலத்திலிருந்து கடந்த காலத்துக்கு ஓடும். கோடு அழகாகத்தான் தெரியும், விலைக்கு முன்னாலேயே திரும்பும். விலை திரும்புவதற்கு முன் உங்கள் சராசரிக் கோடு திரும்பினால் மகிழ வேண்டாம், வரிசையைப் பாருங்கள்.

அடுத்த சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆனது. 2018-ன் சராசரி எப்படிப் பார்த்தாலும் ஆயிரத்துக்குள்ளேயே நின்றது, விலை 1,300-ல் இருக்கும்போதும். காரணம் காற்புள்ளி. கோப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விலைகள் காற்புள்ளியோடு மேற்கோள் குறிக்குள் இருக்கின்றன. இறக்குமதி அமைப்பு சற்று மாறினாலும் விரிதாள் அவற்றை எண்ணாகப் படிக்காமல் எழுத்தாகப் படித்துவிடும். ஆயிரத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எண்ணாக நிற்கும். சராசரி ஃபார்முலாவோ எழுத்து இருக்கும் கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழை என்று எதுவும் காட்டாது. 200 விலைக்குப் பதிலாக அறுபது விலைக்குச் சராசரி போட்டு ஒரு எண்ணைத் தந்துவிடும்.

இதற்கு ஒரு நிரந்தரக் காவல் வைத்திருக்கிறேன். சராசரி நிரலுக்கு (நெடுவரிசைக்கு) பக்கத்திலேயே, அதே 200 கட்டங்களில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணும் ஒரு நிரல். அது 200 என்று காட்டாத வரியில் சராசரியே வரக்கூடாது என்று நிபந்தனை. எளிமையான வேலை, ஆனால் இந்த அட்டவணையிலேயே மிகவும் பயனுள்ள நிரல் அதுதான் என்று சொல்வேன்.

விலையில் எந்த நிரலை எடுப்பது என்பதும் ஒரு கேள்வி. கோப்பில் கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை ஒன்றும், முடிவு விலை ஒன்றும் தனித்தனியாக இருக்கும். நான் எடுத்த ஆண்டுகளில் என்எஸ்இயின் முடிவு விலை என்பது கடைசி அரை மணி நேர வர்த்தகங்களின் எடையிட்ட சராசரி. கடைசி நொடியில் யாரோ போட்ட ஒரு ஆர்டரால் ஆடாத விலை. அதையே எடுத்தேன். சாதாரணப் பங்கு வர்த்தகத்தைக் குறிக்கும் ஈக்யூ சீரிஸ் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன்.

சனி, ஞாயிறு தேதி வந்தால் தவறு என்று வடிகட்டி போட்டிருந்தேன். அது சில உண்மையான நாட்களையும் பிடித்துக்கொண்டது. 2020 பிப்ரவரி 1 சனிக்கிழமை, பட்ஜெட் என்பதால் சந்தை திறந்திருந்தது. 2019 அக்டோபர் 27 ஞாயிறு, தீபாவளி முகூர்த்த வர்த்தகம். ஒரு மணி நேரமே நடந்தாலும் முகூர்த்தத்துக்கும் முடிவு விலை உண்டு, சராசரியில் அது ஒரு முழு நாள்தான். இரண்டையும் திரும்பச் சேர்த்தேன்.

போனஸைச் சரிசெய்தது

என்எஸ்இ கோப்பில் இருப்பது அன்றைக்கு உண்மையில் நடந்த விலை. பிறகு வந்த போனஸ், பங்குப் பிரிப்பு எதற்கும் அது திருத்தப்பட்டிருக்காது. இன்ஃபோசிஸ் 2014 டிசம்பர், 2015 ஜூன், 2018 செப்டம்பர் என்று மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கை இலவசமாக, கொடுத்திருக்கிறது. 2018 செப்டம்பர் 4 அன்று பங்கு போனஸ் நீங்கிய விலையில் வர்த்தகமானது. அதற்கு முதல் நாள் 1,400-க்கு மேல் இருந்த விலை மறுநாள் அதன் பாதியை ஒட்டி நின்றது. கையிலிருக்கும் பங்கு இரண்டு மடங்காகிவிட்டதால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அட்டவணைக்கு அது தெரியாது. ஒரே நாளில் 50 சதவீதச் சரிவு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

திருத்தாமல் ஓட்டிப் பார்த்தால் நடப்பது இது. விலை 700 ரூபாய் குறைந்ததால் 50 நாள் சராசரி நாளுக்கு 14 ரூபாய் வீதம் இறங்கும். 200 நாள் சராசரி நாளுக்கு மூன்றரை ரூபாய்தான் இறங்கும். போனஸுக்கு முன் 50 நாள் கோடு நல்ல உயரத்தில் மேலே இருந்தும், மூன்று நான்கு வாரத்துக்குள் 200 நாள் கோட்டைக் கீழ்நோக்கி வெட்டிவிடும். விற்கச் சொல்லும் அறிகுறியாகப் பார்க்கப்படும் ‘டெத் கிராஸ்’ இதுதான், இங்கே அது போலி. அதைவிட மோசமானது, 200 நாள் கோட்டிலிருந்து பழைய விலைகள் முழுவதும் கழன்று போக 2019 கோடைக்காலம் முடியும். அதுவரை அந்தக் கோட்டை வைத்து எடுக்கும் எந்த முடிவுக்கும் அர்த்தமில்லை.

திருத்தம் எளிது. ஒரு தனி நிரலில் வகுக்கும் எண் வைத்தேன். 2018 செப்டம்பர் 4-க்கு முந்தைய விலைகளை 2-ஆல், 2015 ஜூன் போனஸுக்கு முந்தையதை 4-ஆல், 2014 டிசம்பருக்கு முந்தையதை 8-ஆல் வகுக்க வேண்டும். வால்யூம் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) பார்க்கிறவர்கள் அதை அதே எண்ணால் பெருக்க வேண்டும். மூல விலை நிரலை அழிக்கவில்லை. திருத்திய விலை அதன் பக்கத்திலேயே இருக்கிறது, எந்த வரியிலும் இரண்டையும் ஒப்பிடலாம்.

பிறகு தினசரி மாற்றத்தைச் சதவீதமாகப் போட்டு, 8-க்கு மேல் ஏறியதோ இறங்கியதோ சிவப்பில் தெரியும்படி செய்தேன். சிவப்பு வந்த ஒவ்வொரு நாளுக்கும் காரணம் தேடினேன். போனஸ் நாள் திருத்தத்துக்குப் பின் சிவப்பிலிருந்து மறைந்தது. மிச்சமிருந்தவை உண்மையான நாட்கள்: 2017 ஆகஸ்ட் 18, விஷால் சிக்கா தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய நாள். 2019 அக்டோபர் 22, கணக்கு முறைகேடு பற்றிய பெயரில்லாப் புகார்க் கடிதம் வெளியே வந்த பிறகு சந்தை திறந்த நாள். 2020 மார்ச் நாட்கள். 2020 ஜூலை 16, ரிசல்ட் நன்றாக வந்து ஒன்பது சதவீதத்துக்கு மேல் ஏறிய நாள். பிறகு 2023-ல் ஏப்ரல் 17-ம் ஜூலை 21-ம். இந்தப் பட்டியல் பின்னால் மிகவும் பயன்பட்டது.

கோடுகள்

எளிய சராசரி, அண்மை விலைக்குக் கூடுதல் எடை தரும் எக்ஸ்போனென்ஷியல் சராசரி இரண்டையும் போட்டேன். எளிய சராசரிக்கு விளக்கம் வேண்டாம், கடைசி 200 விலைகளைக் கூட்டி 200-ஆல் வகுப்பதுதான். எக்ஸ்போனென்ஷியலுக்கு நேற்றைய சராசரியோடு, இன்றைய விலைக்கும் நேற்றைய சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். அந்தப் பங்கு, 2-ஐ நாட்களோடு 1 கூட்டி வகுத்தால் வருவது. 20 நாளுக்கு 0.095, 50 நாளுக்கு 0.039, 200 நாளுக்கு 0.00995. முதல் வரிக்கு நேற்றைய சராசரி கிடையாது என்பதால், அந்த ஒரு வரிக்கு மட்டும் எளிய சராசரியை விதையாகப் போட்டேன். விதையின் தாக்கம் கரையும்வரை, அதாவது இன்னொரு 200 நாளாவது, அந்தக் கோட்டை நம்பவில்லை.

எளிய சராசரி எவ்வளவு பின்தங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நாட்களில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் போதும். 50 நாள் கோடு சராசரியாக 24½ நாள் பழசு. 200 நாள் கோடு 99½ நாள் பழசு. கிட்டத்தட்ட ஐந்து மாதத்துக்கு முந்தைய விலையைத்தான் இன்றைய கோடு என்று பார்க்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தக் கோட்டிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

இன்னொரு விஷயம் அட்டவணையில்தான் புரிந்தது. எளிய சராசரி இன்றைய விலையால் மட்டும் நகர்வதில்லை, இன்று கழன்று போகும் பழைய விலையாலும் நகர்கிறது. 2020 மார்ச் பிற்பாதியில் இன்ஃபோசிஸ் 550 ரூபாயை ஒட்டிக் கிடந்தது. அந்த விலைகள் 200 நாள் கணக்கிலிருந்து கழன்றது 2021 ஜனவரியில். அப்போது விலை 1,300 வாக்கில். 550 வெளியே போய் 1,300 உள்ளே வந்தால் வித்தியாசம் 750, அதை 200-ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றே முக்கால் ரூபாய். அந்த ஜனவரியில் கோடு விறுவிறுவென ஏறியதில் பெரும்பங்கு, அன்றைய சந்தையைவிடப் பத்து மாதத்துக்கு முந்தைய கொரோனா நாட்களுக்குச் சேரும். சாய்வைப் பார்த்து ‘போக்கு வலுக்கிறது’ என்று யாராவது சொன்னால், எந்த விலை கழன்றது என்று முதலில் கேட்க வேண்டும்.

விழுந்த நாட்களில் கோடு என்ன செய்தது

இந்தப் பகுதிக்காகத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

2019 அக்டோபர் 22-ஐ எடுத்துக்கொள்வோம். முந்தைய வர்த்தக நாளில் 768 ரூபாய் வாக்கில் முடிந்திருந்த பங்கு அன்று 643 வாக்கில் முடிந்தது. 16 சதவீதத்துக்கு மேல், ரூபாயில் 125. இந்த 125 ரூபாயில் ஒவ்வொரு கோடும் எவ்வளவை உணர்ந்தது என்று கணக்கிட்டேன். 200 நாள் எளிய சராசரியில் அதன் பங்கு 62 பைசா. 50 நாளில் இரண்டரை ரூபாய். 20 நாளில் ஆறே கால். எக்ஸ்போனென்ஷியலில் கொஞ்சம் கூடுதல்: 200-க்கு ஒன்றே கால் ரூபாய், 50-க்கு கிட்டத்தட்ட ஐந்து, 20-க்குப் பன்னிரண்டு. முதலீட்டாளரின் கையிலிருந்து 125 ரூபாய் போன நாளில், எல்லோரும் பெரிதாகப் பேசும் 200 நாள் கோடு ஒரு ரூபாய்கூட அசையவில்லை. எக்ஸ்போனென்ஷியல் வேகமானது என்பது உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட நாளில் அந்த வேகத்துக்கும் பயனில்லை.

அதற்கு முதல் நாள் விலை 200 நாள் கோட்டுக்கு மேலேயே இருந்தது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. 2017 ஆகஸ்டிலும் அதே கதை: விலை கோட்டுக்கு மேலே, காலையில் ராஜினாமா, அன்றே சுமார் 10 சதவீதம் சரிவு.

கோட்டைக் கண்டிப்பாகப் பின்பற்றியவர் 2019-ல் சரிந்த பிறகு விற்றிருப்பார். ஆனால் 2020 ஜனவரியில் நிறுவனத்தின் தணிக்கைக் குழு முறைகேட்டுக்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது, பிப்ரவரியில் பங்கு 780-ஐத் தாண்டியது. விழுந்த பிறகு விற்று, ஏறிய பிறகு வாங்கி, உடனே கொரோனா. அந்த ஆறு மாதத்தில் கோடுகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடந்தன, அவற்றை நம்பியவருக்கு இரண்டு பக்கமும் அடி.

2023 ஏப்ரல் வேறு மாதிரி. ரிசல்ட் 13-ம் தேதி வியாழக்கிழமை மாலை வந்தது. மறுநாள் சித்திரை ஒன்று, அம்பேத்கர் பிறந்தநாள், சந்தை விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. மூன்று நாள் எல்லோரும் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர விற்க வழியில்லை. 17-ம் தேதி திங்கட்கிழமை, 1,389 வாக்கில் இருந்த பங்கு 1,259 வாக்கில் முடிந்தது. ஆனால் இந்த முறை விலை மார்ச்சிலேயே 200 நாள் கோட்டுக்குக் கீழே போய்விட்டிருந்தது. ‘கோட்டுக்குக் கீழே புதிதாக வாங்காதே’ என்ற ஒரே விதியைப் பின்பற்றியவர்கூட அந்தத் திங்களில் புதிய பணத்தை இழந்திருக்க மாட்டார். இங்கே கோடு உதவியது.

அதே ஆண்டு ஜூலையில் விலை மெல்ல ஏறி 200 நாள் கோட்டை ஒட்டி வந்தது, 1,440 பக்கம். மேலே கடந்துவிட்டது, வாங்கலாம் என்று தோன்றும் இடம். ஜூலை 20 மாலை நிறுவனம் அந்த நிதியாண்டின் வருவாய் வளர்ச்சிக் கணிப்பை 4–7 சதவீதத்திலிருந்து 1–3.5 சதவீதமாகக் குறைத்தது. மறுநாள் 8 சதவீதம் சரிவு.

ஆக, பெரிய சரிவு நான்கில் கோடு முன்கூட்டி வெளியே வைத்தது ஒன்றில்தான். இதைக் கோட்டின் குற்றமாக நான் பார்க்கவில்லை. சராசரி என்பது மெதுவாகச் சேரும் விலைகளின் கதை. ஒரு மாலை நேர அறிவிப்பு அந்தக் கதையில் மறுநாள்தான் எழுதப்படும்.

வாங்கி விற்கும் கணக்கு

50 நாள் கோடு 200 நாள் கோட்டை மேல்நோக்கி வெட்டினால் வாங்குவது, கீழ்நோக்கி வெட்டினால் விற்பது. எல்லோரும் அறிந்த விதிதான். அட்டவணையில் இதைப் போடும்போது ஒரு வரி தள்ளிப் போட வேண்டும். இன்றைய முடிவு விலை தெரிந்த பிறகுதான் இன்றைய சராசரி தெரியும், அப்போது சந்தை மூடியிருக்கும். எனவே இன்றைய சமிக்ஞைக்கு நாளைய தொடக்க விலையில்தான் வாங்க முடியும். தள்ளாமல் போட்டால் அட்டவணை யாருக்கும் கிடைக்காத விலையில் வாங்கி விற்று லாபத்தைப் பெருக்கிக் காட்டும்.

இந்த ஜோடிக்கு அமைந்த நல்ல காலம் 2020 ஜூலை முதல் 2022 மே வரை. கோடுகள் வெட்டிக்கொண்டபோது பங்கு 900 ரூபாய் பக்கம் வந்துவிட்டது. மார்ச் அடித்தளத்திலிருந்து பெரிய ஏற்றம் ஏற்கெனவே முடிந்திருந்தது, அதைக் கோடு தவறவிட்டது. பிறகு 2022 ஜனவரியில் 1,950-ஐத் தொட்டது. ஏப்ரல் ரிசல்டுக்குப் பின் இறங்கி, கோடுகள் கீழ்நோக்கி வெட்டியபோது 1,550 பக்கம். உச்சியிலிருந்து 20 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் விற்கச் சொன்னது. அப்படியும் 900-க்கு வாங்கி 1,550-க்கு விற்றால் 70 சதவீதம், இடையில் 12, 15, 15 என்று பங்குக்கு 42 ரூபாய் டிவிடெண்ட் (லாபப் பங்கு) வேறு. அந்த இருபத்திரண்டு மாதத்தில் பங்கு பல முறை தடுமாறியது. செய்தியைப் பார்த்து விற்றிருந்தால் 1,100-லோ 1,300-லோ வெளியே வந்திருப்போம். கோடு செய்த உதவி வாங்கச் சொன்னதில் இல்லை. விற்காமல் உட்கார வைத்ததில்தான் இருக்கிறது.

அதன் பிறகு 2022 நடுவிலிருந்து 2023 நடுவரை 1,360-க்கும் 1,670-க்கும் இடையே போய்வந்தது, ஏப்ரலில் அதற்கும் கீழே விழுந்தது. திசையில்லாத இந்த ஓராண்டில் 20 நாளும் 50 நாளும் சேர்ந்த வேகமான ஜோடி ஒரு காலாண்டுக்குள்ளேயே கட்சி மாறிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வாங்கியதைவிடக் குறைந்த விலையிலோ, வாங்கிய விலையை ஒட்டியோ விற்கச் சொன்னது.

செலவையும் சேர்த்தேன். ஒரு லட்சத்துக்கு டெலிவரி எடுத்து (பங்கைக் கணக்கில் வாங்கி வைத்து) விற்றால் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) வாங்கும்போது 100, விற்கும்போது 100. முத்திரைக் கட்டணம் வாங்கும்போது 15. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி, விற்கும்போது டீமேட் கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து 240 ரூபாய் பக்கம் வரும், புரோக்கரேஜ் (தரகு) இல்லாமலேயே. அரை சதவீதம் புரோக்கரேஜ் வாங்கும் பழைய மாதிரிக் கணக்காக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து ஜிஎஸ்டியோடு இன்னும் 1,180. ஒரு முறைக்கு இது பெரிதில்லை, அடிக்கடி மாறும் ஜோடிக்குப் பெரிது. வரி அதைவிடப் பெரிது. ஓராண்டுக்குள் விற்றால் அப்போது லாபத்தில் 15 சதவீதம், 2024 ஜூலை 23 முதல் 20 சதவீதம். மெதுவான ஜோடி 2020–22-ல் ஓராண்டைத் தாண்டிவிட்டதால் நீண்டகால லாபத்தில் சேர்ந்தது. அப்போது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 10 சதவீதம், இப்போது ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் 12.5. வேகமான கோடு பின்தங்கல் குறைவு என்று சொல்லித்தான் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அட்டவணையில் அந்த வேகத்தின் விலையை எஸ்டிடியும் குறுகியகால வரியும் வசூலித்துவிடுகின்றன.

இதை மாமாவிடம் காட்டினேன். வருஷக்கணக்காகப் பங்கு வைத்திருப்பவர். “ஏம்ப்பா, 93-ல 95 ரூபாய்க்கு ஐபிஓ-ல வாங்கினவன் உன் கோட்டைப் பார்த்துட்டு இருந்தா எத்தனை தடவை வித்திருப்பான்?” என்றார். “நிறைய தடவை, மாமா” என்றேன். அது நியாயமான கேள்வி. முப்பது வருஷம் வைத்திருக்கும் நெஞ்சுரம் உள்ளவருக்கு இந்தக் கோடு தேவையில்லை. இன்னும் மூன்று ஆண்டில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுக்க வேண்டிய பணம் என்றால், விலை 200 நாள் சராசரியின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்வது உதவும். நான் அந்த இரண்டாவது வகை.

பட்டை வைத்துப் பார்த்தது

2023 ஜூலை போன்ற இடங்களுக்காக, 200 நாள் கோட்டுக்கு மேலும் கீழும் 3 சதவீதப் பட்டை வைத்தேன். பட்டைக்குள் விலை இருந்தால் ஒன்றும் செய்வதில்லை. கோடு 1,440-ல் இருந்தால் பட்டை 1,397 முதல் 1,483 வரை. ஜூலை 20-ன் விலை அதற்குள்ளேயே இருந்ததால் வாங்கச் சொல்லவில்லை, மறுநாள் சரிவில் மாட்டவில்லை.

அழகாகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்த 3 சதவீதத்தை நான் தேர்ந்தெடுத்ததே அந்த நாளைப் பார்த்த பிறகு. அதனால் பட்டையைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் அதை ஓட்டினேன். 2013. அந்த ஆண்டு ஜனவரி 11 அன்று ரிசல்ட் வந்து பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் போல ஏறியது, பட்டையையும் தாண்டி. வாங்கச் சொல்லும் தெளிவான சமிக்ஞை. ஏப்ரல் 12, அடுத்த ரிசல்ட். அன்றைய மூல விலையில் 2,900-க்கு மேல் இருந்த பங்கு 2,300-க்குக் கீழே முடிந்தது. 21 சதவீதம். 8-ஆல் வகுத்துப் பார்த்தால் இன்றைய பங்குக் கணக்கில் 364 பக்கத்திலிருந்து 287 பக்கம். பட்டை, கோடு இரண்டையும் ஒரே தாவில் தாண்டிப் போய்விட்டது.

பட்டையை வைத்திருக்கிறேன், வீண் சமிக்ஞைகளைக் குறைக்கிறது என்பதற்காக. சரிவிலிருந்து காப்பாற்றும் என்ற நினைப்பில் இல்லை.

அடுத்த முறை

முதலில் செய்யப்போவது ரிசல்ட் தேதிக்கு ஒரு நிரல். இன்ஃபோசிஸ் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் ரிசல்ட் தருகிறது, தேதியை முன்பே அறிவிக்கிறது. சிவப்பில் வந்த பெரிய நாட்களில் பல ரிசல்டை ஒட்டி வந்தவை. ரிசல்டுக்கு முந்தைய பத்து வர்த்தக நாளில் புதிதாக வரும் வாங்கும் சமிக்ஞையை ரிசல்ட் முடியும்வரை நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். 2019 அக்டோபர், 2017 ஆகஸ்ட் போன்றவை அப்போதும் தப்பாது. அவற்றுக்கு ஒரே வழி ஒரு பங்கில் வைக்கும் பணத்தின் அளவைக் கட்டுப்படுத்துவதுதான், அது சராசரிக் கோட்டின் வேலை இல்லை.

டிவிடெண்டையும் விலைத் திருத்தத்தில் சேர்க்க வேண்டும். 2023–24-க்கு இன்ஃபோசிஸ் சிறப்பு டிவிடெண்ட் உட்படப் பங்குக்கு 46 ரூபாய் கொடுத்தது, இதை விட்டுவிட்டு வைத்திருப்பதையும் வாங்கி விற்பதையும் ஒப்பிட்டால் வைத்திருப்பவருக்கு அநியாயம். கூடவே ஐடி நிறுவனப் பங்குகளின் நிஃப்டி ஐடி குறியீட்டையும் இன்னொரு தாளில் இறக்கி, பங்கு மட்டும் கோட்டுக்குக் கீழே போனதா, துறையே போனதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2022-ல் அது துறையின் கதை, 2019 அக்டோபரில் அது ஒரு நிறுவனத்தின் கதை. கோடு இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டியது.

எக்ஸ்போனென்ஷியல் நிரல்களை எடுத்துவிடப் போகிறேன். 50/200 ஜோடியில் அவை கொடுத்த முன்னேற்றம் சில நாட்கள்தான், அதற்கு ஈடாகத் திசையில்லாத மாதங்களில் கூடுதலாக ஆடின. எண்ணிக்கை சரிபார்க்கும் நிரலும் வகுக்கும் எண் நிரலும் அப்படியே இருக்கும். இதே தாளில் அடுத்து டிசிஎஸ் விலைகளை இறக்கத் தொடங்கியிருக்கிறேன். அதற்கும் 2018-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் உண்டு, 2-ஆல் வகுக்கும் வரியை முதலிலேயே போட்டுவிட்டேன்.